அக்காவா, சட்டாம்பிள்ளையா?

பெரிய குழந்தையின் கையில் சிறிய குழந்தையை ஒப்படைக்கும் பள்ளிகள் பெருகி வருகின்றன. யோசனை பழையது. அது தோற்ற கதையும் ஜெயித்த கதையும் இந்தியாவிலேயே இருக்கின்றன.

பள்ளி திறக்கும் நாள் தமிழ்நாட்டில் ஜூனில் வரும், தில்லியில் ஏப்ரலில் வரும். ஆனால் அன்று காலை பள்ளி வாசலில் நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். கஞ்சி போட்டதுபோல் விறைத்து நிற்கும் புதுச் சீருடையில், முதுகைவிடப் பெரிய பையுடன், ஒரு குழந்தை அம்மாவின் புடவைத் தலைப்பை விட மறுக்கிறது. ஆசிரியை சிரித்தபடி கையை நீட்டுகிறார். குழந்தைக்கு அந்தக் கையின் மேல் நம்பிக்கை இல்லை.

அதைப் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. குழந்தையின் பயங்கள் நியாயமானவை. 'அ' எப்படி எழுதுவது என்பது அதன் கவலையே அல்ல. கழிவறை எங்கே இருக்கிறது, உள்ளே போனால் தாழ்ப்பாள் எட்டுமா, தண்ணீர் பாட்டிலின் மூடியை யார் திறந்து தருவார்கள், மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, மாலையில் எந்த வேனில் ஏறுவது, பெரிய பையன்கள் பந்தைப் பிடுங்கிக்கொண்டால் யாரிடம் சொல்வது - இவைதான் அதன் கேள்விகள். எந்தப் பாடத்திட்டத்திலும் இவற்றுக்கு விடை இல்லை. தலைமையாசிரியருக்கும் பாதிதான் தெரியும். முழு விடையும் தெரிந்த ஒரே நிபுணர், நான்கு வருடம் முன்பு இதே வாசலில் இதேபோல் அழுத ஐந்தாம் வகுப்புக் குழந்தை.

அந்த நிபுணரைப் பயன்படுத்திக்கொள்வதுதான் இப்போது பல தனியார் பள்ளிகள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு. ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று ஒப்படைக்கப்படுகிறது. முதல் வாரம் பெரியவள் சின்னவளின் கையைப் பிடித்துப் பள்ளியைச் சுற்றிக் காட்டுகிறாள். பிறகு வாரத்தில் ஒரு பாடவேளை இருவரும் சேர்ந்து கதைப் புத்தகம் படிக்கிறார்கள், படம் வரைகிறார்கள், விளையாடுகிறார்கள். ஆங்கிலத்தில் இந்தத் துணைக்கு வைத்த பெயரைத் தமிழில் எழுதினால் 'படி' என்று வரும். படிக்கச் சொல்லும் கட்டளையும் ஏறிப் போகும் படிக்கட்டும் ஒரே சொல்லில் அகப்படுவது தற்செயல்தான் என்றாலும் பொருத்தமாகவே இருக்கிறது.

வெளிநாடுகளில் இது முறைப்படியான திட்டமாகவே நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1996ல் போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் இறந்தார்கள். அவர்களில் சகோதரிகளான இரு சிறுமிகளும் அடக்கம். அவர்கள் நினைவாக 1997ல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை, வன்முறையிலிருந்து குழந்தைகளைக் காப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. தொடக்கப் பள்ளியின் முதல் ஆண்டுக் குழந்தையையும் கடைசி ஆண்டுக் குழந்தையையும் ஜோடி சேர்க்கும் திட்டம் அது கொண்டுவந்தவற்றில் ஒன்று. சின்னவனுக்குப் பாதுகாப்பு என்பது அதன் பாதி நோக்கம்தான். பெரியவன் அடாவடிக்காரனாக வளராமல் தடுப்பது மறுபாதி. ஒரு சின்னக் கையைப் பிடித்துப் பழகியவன் இன்னொரு சின்னக் கையை முறுக்கத் தயங்குவான் என்ற நம்பிக்கைதான் அடிப்படை.

தமிழர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஒரே ஒரு உபாத்தியாயர்தான் இருந்தார். அவரைச் சுற்றி ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை பிள்ளைகள். மணலில் விரலால் எழுதத் தொடங்குபவனும் ஓலையில் எழுத்தாணி பிடிப்பவனும் ஒரே திண்ணையில் அமர்ந்தார்கள். எல்லோரையும் ஒரே ஆள் கவனிக்க முடியாது. ஆகவே மூத்த மாணவன் ஒருவன் முறை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர்.

அந்தச் சொல்லுக்குப் பிற்காலத்தில் என்ன நேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று ஒருவனைச் சட்டாம்பிள்ளை என்றால் அது வசை. தெருவில் எல்லோரையும் அதட்டுபவன் சட்டாம்பிள்ளை. அடுத்த நாடுகளின் விவகாரத்தில் மூக்கை நுழைக்கும் வல்லரசுக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் தரும் பட்டம் உலகச் சட்டாம்பிள்ளை. அண்ணன், அக்கா என்ற சொற்களுக்கு இந்தக் கதி நேரவில்லை. முன்பின் தெரியாத பேருந்து நடத்துநரைக்கூட அண்ணே என்று கூப்பிடுகிறோம். அதில் மரியாதையும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. பெரிய பிள்ளையிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும், பொறுப்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு மொழி தன் தீர்ப்பை எப்போதோ எழுதிவிட்டது.

அதே வேறுபாட்டை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அந்தக் கதை தொடங்கிய இடம் சென்னை எழும்பூர்.

ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787ல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் இருந்த ஆண்கள் அனாதை விடுதிப் பள்ளியின் கண்காணிப்பாளர் பொறுப்பை 1789ல் ஏற்றார். கம்பெனிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்குப் பிறந்து ஆதரவற்றுப்போன பையன்கள் அங்கே இருந்தார்கள். ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்பது பெல்லின் மனக்குறை. ஒரு நாள் வழியில் ஒரு 'மலபார் பள்ளி'யைப் பார்த்தார். அன்றைய ஆங்கிலேயர்கள் தமிழர்களையும் மலபார்கள் என்றே அழைத்தார்கள். தரையில் மணலைப் பரப்பி, பிள்ளைகள் அதில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தாள் வேண்டாம், மை வேண்டாம், தப்பாகிவிட்டால் கையால் தடவினால் போதும்.

பெல் தன் பள்ளிக்குத் திரும்பி, கடைசி வகுப்புக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்படி உதவி ஆசிரியருக்கு உத்தரவிட்டார். அது நடக்காத காரியம் என்றார் ஆசிரியர். பெல் அவரிடம் வாதாடிக்கொண்டிருக்காமல், ஒரு சிப்பாயின் மகனான ஜான் ஃப்ரிஸ்கன் என்ற சிறுவனிடம் அந்த வேலையைக் கொடுத்தார். சிறுவன் செய்து காட்டினான். பெல் மேலும் மேலும் பையன்களிடம் வகுப்புகளை ஒப்படைத்தார். அதோடு வகுப்புக்குள்ளேயே நன்றாகப் படிப்பவனையும் தடுமாறுபவனையும் ஜோடியாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். பின்தங்கியவனின் பாடத்துக்கு முந்தியவன் பொறுப்பு.

மணலைத்தான் தமிழ்ப் பள்ளியிடமிருந்து வாங்கினேன், பிள்ளைகளைக் கொண்டு சொல்லிக் கொடுக்கும் யோசனை என்னுடையது என்பதே பெல்லின் நிலை. திண்ணையில் மணலைப் பார்த்த கண்ணுக்கு அங்கே இருந்த சட்டாம்பிள்ளை மட்டும் தெரியாமல் போயிருப்பானா என்று கேட்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எப்படியானாலும் 1797ல் பெல் லண்டனில் வெளியிட்ட சிறு நூல், எழும்பூர்ப் பரிசோதனையை உலகறியச் செய்தது. 'சென்னை முறை' என்றே அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தில் பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றுதான் பெயர். ஊர் மெட்ராஸ் என்ற பெயரை 1996ல் கைவிட்டது. ஸ்காட்லாந்துப் பள்ளி கைவிடவில்லை.

ஆனால் இங்கிலாந்துக்குப் போனதும் யோசனையின் குணம் மாறியது. லண்டனில் 1798ல் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் இதைப் போன்ற முறையைப் பிரம்மாண்டமாக்கினார். பெரிய கூடம், வரிசை வரிசையாகப் பெஞ்சு, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மாணவத் தலைவன், எல்லோருக்கும் மேலே ஒரே ஆசிரியர். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் போதும் என்று அவர் சொன்னபோது தொழிற்சாலைகளின் காலத்து இங்கிலாந்துக்கு அது தேனாக இனித்தது. ஏழைகளின் கல்விக்கு அதிகம் செலவழிக்க விரும்பாதவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிரம்படிக்கு எதிரானவரான லங்காஸ்டர் அதற்குப் பதிலாகக் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டுவது, கூடையில் வைத்து உத்தரத்தில் தொங்கவிடுவது போன்ற தண்டனைகளைக் கண்டுபிடித்தார்.

சில பத்தாண்டுகளில் சாயம் வெளுத்தது. தானே அரைகுறையாகப் புரிந்துகொண்டதைத்தான் மாணவத் தலைவன் அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்க முடிந்தது. மனப்பாடம் நடந்தது, படிப்பு நடக்கவில்லை. 1846ல் இங்கிலாந்து அரசு வேறு ஏற்பாட்டுக்கு மாறியது. ஓரளவு வளர்ந்த மாணவர்களைச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி ஆசிரியர்களாக வைத்துக்கொள்ளும் முறை அது. ஜோடியாக உட்கார வைத்தபோது எழும்பூரில் உயிரோடு இருந்த ஒன்று, ஆசிரியர் சம்பளத்தை மிச்சப்படுத்தும் இயந்திரமானபோது லண்டனில் செத்துப்போனது.

கிட்டத்தட்ட நூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகு அதே யோசனை கல்கத்தாவில் மறுபடி உயிர் பெற்றது. இந்த முறை காரணம் சிக்கனம் அல்ல.

சியால்தா ரயில் நிலையத்தைத் தெரியாத வங்காளி இல்லை. 1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் குடும்பம் குடும்பமாக அதன் பிளாட்பாரங்களில் வாழ்ந்தார்கள். பிறகும் அந்த வட்டாரத்து நடைபாதைகள் காலியாகவில்லை. அதன் அருகிலேயே 1857ல் தொடங்கப்பட்ட லொரெட்டோ பெண்கள் பள்ளி இருக்கிறது. அயர்லாந்தில் 1936ல் பிறந்து 1956ல் இந்தியாவுக்கு வந்த கன்னிகாஸ்திரி சிரில் மூனி, 1979ல் அதன் தலைமையாசிரியையானார். அப்போது பள்ளியில் 790 மாணவிகள். அவர்களில் 90 பேர்தான் கட்டணம் கட்ட இயலாத ஏழைகள். வெளியே, மதில் சுவருக்கு அந்தப் பக்கம், குப்பை பொறுக்கும் குழந்தைகள்.

பள்ளி முதலில் தன் மாணவிகளை வாரம் ஒரு நாள் பஸ்ஸில் கிராமத்துப் பள்ளிகளுக்கு அனுப்பியது. ஐந்து, ஆறாம் வகுப்புச் சிறுமிகள் போய், அங்குள்ள குழந்தைகளுக்கு ஆளுக்கு ஆள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு 1985ல் தெருக் குழந்தைகளையே பள்ளிக்குள் அழைத்தது. மொட்டைமாடியில் ஒரு பள்ளி. பெயர் 'வானவில்'.

அங்கேதான் நடைமுறைச் சிக்கல் எழுந்தது. தெருக் குழந்தை ஒழுங்காக வகுப்புக்கு வராது. ஒரு நாள் காகிதம் பொறுக்கப் போகும். ஒரு நாள் தங்கையைப் பார்த்துக்கொள்ளும். ஒரு வாரம் காணாமல் போகும். திரும்பி வரும்போது வகுப்பு எங்கோ போயிருக்கும். நாற்பது பேருக்கு ஒரே பாடம் நடத்தும் வழக்கமான வகுப்பறை அந்தக் குழந்தையைத் தானாகவே வெளியே தள்ளிவிடும். அதற்கு வேண்டியது, விட்ட இடத்திலிருந்து எப்போது வந்தாலும் தொடங்கித் தரும் ஒரு ஆள். குழந்தைக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். அத்தனை ஆசிரியர்களுக்கு எங்கே போவது?

விடை கீழ்த்தளத்து வகுப்பறைகளிலேயே உட்கார்ந்திருந்தது. மேற்கு வங்கப் பாடத்திட்டத்தில் வேலைக் கல்வி என்று ஒரு கட்டாயப் பாடம் உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் அது பொம்மை தைப்பதிலும் காகிதப்பூ செய்வதிலும் கழியும். சியால்தாவில் ஐந்து முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவிகள் அந்தப் பாடவேளையில் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். ஒரு வகுப்பு இறங்கினால் அடுத்த வகுப்பு ஏறும்படி கால அட்டவணை போடப்பட்டது. ஆகவே பள்ளி நடக்கும் நேரத்தில் எப்போது பார்த்தாலும் மேலே ஐம்பது குட்டி ஆசிரியைகள் வரை இருந்தார்கள். பத்து மணிக்கு வரும் குழந்தைக்கும் ஆள் இருந்தது, இரண்டு மணிக்கு வரும் குழந்தைக்கும் ஆள் இருந்தது. தயாரான குழந்தைகள் அங்கிருந்து வழக்கமான வகுப்புகளுக்குப் போனார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அட்டவணைதான். இரக்கத்தை ஓய்வு நேரத்து நற்காரியமாக வைத்திருந்தால் தேர்வு நெருங்கியதும் அது காணாமல் போயிருக்கும். பள்ளி அதைக் கணக்கு, அறிவியல் போலப் பாடவேளையாக்கியது. மாணவிக்கு அது மதிப்பெண் உள்ள பாடம். தெருக் குழந்தைக்கு அது நிச்சயமான துணை.

கட்டணம் கட்டும் பெற்றோர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்ற கேள்வி எந்தத் தலைமையாசிரியருக்கும் எழும். நடைபாதைக் குழந்தையின் பக்கத்தில் தங்கள் பெண் உட்காருவதை அவர்கள் பொறுப்பார்களா? பள்ளியை விட்டே போய்விட மாட்டார்களா? கணக்கு பதில் சொல்கிறது. 1998ல் சியால்தா பள்ளியில் சுமார் 1,400 பேர். அவர்களில் பாதிப் பேர், 700 பேர், கட்டணம் கட்டாதவர்கள். அதாவது இருபது வருடங்களில் ஏழைகளின் எண்ணிக்கை 90லிருந்து 700 ஆனது. கட்டணம் கட்டுபவர்களின் எண்ணிக்கை 1979லும் ஏறத்தாழ 700, 1998லும் ஏறத்தாழ 700. யாரும் ஓடிப்போகவில்லை.

சிரில் மூனிக்கு 1994ல் யுனெஸ்கோவின் நோமா எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. 2007ல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. 2023ல் அவர் காலமானார். சியால்தா மாடியில் பிறந்த 'வானவில்' என்ற பெயர் பிறகு ஹைதராபாத், சென்னை, பெங்களூர் என்று தெருக் குழந்தைகளுக்கான இல்லங்களின் பெயராகப் பரவியது.

பரிசுகள் இருக்கட்டும், சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பெரியவர்களுக்கு என்ன கிடைத்தது? பெற்றோர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 1982ல் அமெரிக்காவில் கோஹனும் இரு குலிக்குகளும் இத்தகைய திட்டங்களைப் பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்றுக்கொண்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தேர்ச்சி பெற்றதில் ஆச்சரியம் இல்லை. கற்றுக் கொடுத்த பிள்ளைகளின் தேர்ச்சியும் உயர்ந்திருந்தது. இரு தரப்புக்குமே அந்தப் பாடத்தின் மேல் பிடிப்பு கூடியிருந்தது. ஆனால் பிள்ளைகளின் தன்மதிப்பு பெரிதாக உயர்ந்துவிட்டது என்று சொல்லும்படியான விளைவு கிடைக்கவில்லை. திட்டத்தை அறிமுகப்படுத்தும் பள்ளிகள் தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு என்று விளம்பரத் தாள் அச்சிடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சொல்லிக் கொடுப்பவன் ஏன் தேறுகிறான் என்பது ஒரு முறை சொல்லிக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடன் வாங்கிக் கழிப்பதைத் தானே போடும்போது ஐந்தாம் வகுப்புப் பையன் யோசிப்பதில்லை, கை போட்டுவிடுகிறது. "ஏன் பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கணும்?" என்று சின்னவன் கேட்கும்போதுதான் அவன் முதல்முறையாகப் பத்தின் இடத்தைப் பற்றி யோசிக்கிறான். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் பாடம் தெரியும். அவனைவிடக் குறைவாகத் தெரிந்த ஒருவரை அவனுக்குப் பள்ளி காட்டுவது அநேகமாக அதுவே முதல் தடவையாக இருக்கும். அதனால்தான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்துத் துணையாக்கும் பள்ளிகள் திட்டத்தின் பாதிப் பயனைக் கோட்டை விடுகின்றன.

அரசுப் பள்ளிகளுக்கும் இது அந்நியம் அல்ல. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான பல வகுப்புக் கற்பித்தல் முறையைப் பார்த்துவிட்டு, சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003ல் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. சில வருடங்களில் அது தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. ஒன்று முதல் நான்கு வரையிலான வகுப்புக் குழந்தைகள் பாயில் கலந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் கற்றல் ஏணியில் தன் படியைத் தானே பார்த்து அட்டையை எடுத்தது. ஆசிரியர் உதவியுடன் படிக்கும் குழுவோடு, சக மாணவர் உதவியுடன் படிக்கும் குழுவும் தனியாக இருந்தது. திண்ணைக்குப் பிறகு பல வயதுக் குழந்தைகள் ஒன்றாக அமர்ந்து படித்தது அப்போதுதான் பரவலாக நடந்தது. 2020ன் தேசியக் கல்விக் கொள்கையும், மாணவர் மாணவருக்குக் கற்பிப்பதைப் பயிற்சி பெற்ற ஆசிரியரின் மேற்பார்வையில், விருப்பத்தின் பேரில், பாதுகாப்பைக் கவனித்துச் செய்யலாம் என்கிறது. மேற்பார்வை, விருப்பம், பாதுகாப்பு என்ற மூன்று நிபந்தனைகளும் அலங்காரத்துக்குப் போட்டவை அல்ல.

முதலில் மேற்பார்வை. ஆசிரியர் இல்லாத வகுப்பை ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு அதற்குத் துணை மாணவர் திட்டம் என்று பெயர் வைப்பது லங்காஸ்டரின் பாவத்தை மறுபடி செய்வது. ஐந்து வகுப்புக்கு ஒன்றோ இரண்டோ ஆசிரியர்கள் உள்ள கிராமப் பள்ளிகளில் இந்த ஆபத்து நிஜமானது. தொடக்கப் பள்ளியில் முப்பது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது 2009ன் கல்வி உரிமைச் சட்டம் விதித்த அளவு. காலியிடத்தை நிரப்பக் குழந்தையை நிறுத்தக் கூடாது.

அடுத்து விருப்பம். பெண் குழந்தைகளின் விஷயத்தில் இது முக்கியம். இந்தியாவில் கோடிக்கணக்கான சிறுமிகள் வீட்டில் ஏற்கெனவே துணைதான். தம்பியை இடுப்பில் சுமப்பதும் தங்கைக்குச் சோறு ஊட்டுவதும் அவர்கள் வேலை. அதற்காகவே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பள்ளியிலும் ஒரு குழந்தையைக் கையில் கொடுத்து மூக்குத் துடைக்கச் சொன்னால் அது கல்வி அல்ல, வீட்டு வேலையின் நீட்சி. பையன்களும் சமமாக இந்த வேலையைச் செய்கிறார்களா என்று பார்ப்பதே திட்டம் நேர்மையானதா என்பதற்கான முதல் சோதனை. ஒரு பதினொரு வயதுப் பையன் சின்னக் குழந்தையின் ஷூ நாடாவைக் குனிந்து கட்டிவிடுவதைப் பள்ளியே பார்க்கிறது என்றால், அது ஒரு பாடப்புத்தகம் சொல்லித் தராத பாடம்.

மூன்றாவது பாதுகாப்பு. மூத்தவன், இளையவன் என்ற உறவுக்கு இந்தியக் கல்லூரிகள் வைத்த பெயர் ராகிங். 1996ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட பிறகு, 1997ல் தமிழ்நாடு ராகிங்கைத் தடைசெய்து சட்டம் போட்டது. நாடு முழுவதற்குமான பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் 2009ல் வந்தன. கல்லூரியில் சட்டம் வந்து பிடிக்கிற புத்தி, பள்ளியில் பன்னிரண்டு வருடம் வளர்ந்த புத்திதான். பள்ளித் துணைத் திட்டம் அதை மாற்றவும் கூடும், சிறு வயதிலேயே பழக்கிவிடவும் கூடும். எது நடக்கும் என்பது சில அற்ப விஷயங்களில் இருக்கிறது. துணையாக இருக்கும் பிள்ளைக்குத் தண்டிக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. பெயர் எழுதிக் கொடுக்கும் அதிகாரமும் கூடாது. ஜோடிகள் மூடிய அறையில் அல்ல, பலரும் பார்க்கும் இடத்தில் சந்திக்க வேண்டும். பெரிய பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்லச் சின்னக் குழந்தைக்கு ஒரு ஆசிரியை இருக்க வேண்டும். அவர் யார் என்று அதற்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

யாரை யாரோடு சேர்ப்பது என்பதும் சின்ன விஷயம் அல்ல. நண்பர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டால் அவர்கள் தெருவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள், பேச்சைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள், சில ஊர்களில் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். 2023ல் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள்தான். ஒரே கட்டடத்தில் இருந்ததால் மட்டும் அவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளவில்லை. பள்ளி ஜோடி சேர்க்கும்போது சீட்டுப் போட்டுச் சேர்க்கலாம், அகரவரிசையில் சேர்க்கலாம். எந்த வழியானாலும் ஊர் போட்ட கோட்டை அது தாண்ட வேண்டும்.

இந்தத் திட்டத்தின் உண்மையான சோதனை மற்றொரு இடத்தில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2010ல் நடைமுறைக்கு வந்தபோது, தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் கால்வாசி இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கியது. 2012ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சட்டம் அந்தக் குழந்தையை வாசல் வரை கொண்டுவந்துவிடும். வாசலுக்கு உள்ளே டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதைச் சட்டத்தால் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் "டாய்லெட் போகணும்" என்று கேட்கத் தெரியாமல் நனைந்த உடுப்போடு உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அரசாணை உதவாது. அதன் மொழியில் காதோடு கேட்டுவிட்டு, கையைத் தூக்கி அதற்காகப் பேசும் ஒரு அக்கா உதவுவாள். அந்த அக்காவைத் தற்செயலுக்கு விடாமல் ஏற்பாடு செய்வது பள்ளியின் வேலை. சியால்தா பள்ளி, சட்டம் வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, யாரும் கட்டாயப்படுத்தாமல் அதைச் செய்தது.

இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை, பொறுப்பான ஒரு ஆசிரியை, பெரிய பிள்ளைகளுக்கு ஒரு நாள் பயிற்சி. அந்தப் பயிற்சியில் சொல்ல வேண்டியவை சில: சின்னவர் தப்பாகப் படித்தால் உடனே திருத்தாதே, கொஞ்சம் பொறு. உனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். அழுதால் நீயே சமாளிக்கப் பார்க்காதே, டீச்சரைக் கூப்பிடு. சந்திப்பதாகச் சொன்ன நாளில் வராமல் இருக்காதே. கடைசி விதி எல்லாவற்றையும்விட முக்கியம். மரத்தடியில் கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அக்காவுக்காகக் காத்திருந்து அவள் வராமல் போன குழந்தை, ஆரம்பத்திலேயே அக்கா இல்லாத குழந்தையைவிட அதிகம் காயப்படுகிறது.

ஜூன் வரும், ஏப்ரல் வரும். வாசலில் இன்னொரு குழந்தை தலைப்பை விடாமல் அழும். அதனிடம் நீட்டப்படும் கை இந்த முறை அதன் கையைவிடக் கொஞ்சம்தான் பெரியதாக இருக்கும். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். நான்கு வருடம் கழித்து, அதே குழந்தையின் கை அந்த வாசலில் நீளும். அப்போது அதனை மற்றவர்கள் அண்ணா என்றோ அக்கா என்றோ கூப்பிடுவார்களா, சட்டாம்பிள்ளை என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்களா என்பது, இந்த நான்கு வருடத்தில் பள்ளி அதற்கு அதிகாரத்தைக் கொடுத்ததா, பொறுப்பைக் கொடுத்ததா என்பதில் இருக்கிறது.